சேரிடம் சம்பளம் கேட்கலாமா?

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் மூதூர், நிலாவெளியில் அறை எடுத்து இருக்கிறேன். மீனவக் குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு எங்கள் விரிவுரையாளர் என்னை உதவியாளராகக் கூப்பிடுகிறார். பயிற்சியும் உண்டு, கொடுப்பனவும் உண்டாம். எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை. பின்னேரம் ரியூசன் கொடுத்துத்தான் செலவைப் பார்க்கிறேன். "சேர் கூப்பிட்டால் கணக்குப் பார்க்காமல் போ" என்கிறார் அம்மா. என் ஆங்கிலமும் சுமார்தான். என்ன செய்யட்டும்? - வாசகி, மூதூர்

பதில்: போங்கள் தங்கச்சி. ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆய்வுக்கு நிதி கேட்கும்போதே உதவியாளருக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் எழுதித்தான் கொடுப்பார்கள். அது சேரின் சொந்தப் பணம் அல்ல. "சேர், கொடுப்பனவு மாதக் கணக்கா, நிரப்பும் படிவக் கணக்கா? பஸ் காசு, சாப்பாடு அதற்குள்ளா, வேறா? ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேட்டால் நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான். படிவத்துக்கு இவ்வளவு என்றால் கொஞ்சம் கவனம். அந்த முறையில்தான் வெயிலுக்குப் பயந்து, யாரிடமும் கேட்காமல் மரத்தடியில் இருந்தே படிவத்தை நிரப்பும் பழக்கம் வருகிறது.

பயிற்சி என்றால் என்ன என்பதையும் கேளுங்கள். அதுதான் பெரிய விஷயம். கேள்விக்கொத்தைக் கையில் தந்து அனுப்புவது பயிற்சி ஆகாது. பேட்டி தொடங்குமுன் சம்மதம் வாங்குவது எப்படி, "வேண்டாம்" என்பவரை விட்டுவிடுவது எப்படி, பெயருக்குப் பதில் இலக்கம் போட்டுத் தகவலைக் காப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். கட்டுப்பாடு உள்ள சுருக்குவலை பற்றி ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது வெளியே போனால் கரையில் அவருக்குத்தான் பிரச்சினை. ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கலாம். அப்புறம் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, எக்செலில் தரவு ஏற்றிப் பிழை பார்ப்பது, முடிந்தால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள். நாலாம் வருட ஆய்வேட்டில் மற்றவர்கள் தடுமாறும் இடங்கள் இவைதான்.

கட்டுரை வந்தால் உங்கள் பெயர் வருமா? இதை முதலிலேயே பேசுவது நல்லது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறியை வேறு துறையினரும் பார்க்கிறார்கள். அதன்படி தரவு சேகரித்தது மட்டும் உங்களைக் கட்டுரையாசிரியர் ஆக்காது, நன்றியுரையில்தான் பெயர் வரும். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதிப் பிரதியைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், பொறுப்பும் ஏற்க வேண்டும். ஆகவே "ஒரு பகுதியை எழுதிப் பார்க்கட்டுமா சேர்?" என்று நீங்களே கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது இருந்து பேச நேரம் தருவாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிற்காலத்தில் உங்களுக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர் அவர். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர் எழுதும் கடிதத்தில் "நல்ல பிள்ளை" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது.

ஆங்கிலம் பற்றிய பயம் வேண்டாம். வாடியில் வலை பொத்துகிறவரிடம் ஆங்கிலத்தில் பேசப் போவதில்லையே. மூதூர்ப் பேச்சு தெரிந்த பிள்ளை என்பதற்காகவே சேர் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். பேட்டியை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஆங்கிலமும் திருந்தும்.

அம்மாவுக்காக ஒன்று: களத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், இருவராகப் போய் இருட்டுமுன் திரும்புங்கள். விரிவுரை வரவு குறைந்தால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள், அதனால் களவேலை நாட்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ரியூசனை உடனே விட்டுவிடாதீர்கள். இப்படியான கொடுப்பனவு பல கையெழுத்துத் தாண்டி வரும், முதல் மாதமே கைக்கு வரும் என்று நம்பி அறை வாடகைக்குச் சொல்லிவிட முடியாது. ஓ எல் பிள்ளைகளின் வகுப்பை வைத்துக்கொண்டு, சின்ன வகுப்புகளை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.