நூறு வயசு வின்செஸ்டர் துப்பாக்கிக்கு வார்: அரவேனு தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. கனடாவில் ஆல்பர்ட்டாவுக்கு வந்து முதல் குளிர்காலம் தாண்டியாயிற்று, துப்பாக்கி லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது, வீட்டுக்காரப் பெரியவர் தன் அப்பா காலத்து வின்செஸ்டர் 94 ரைஃபிளை, லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றுகிற வகை, உங்களுக்கே தருகிறேன் என்கிறார், ஆனால் தோளில் தொங்கவிட வார் மாட்ட அதில் இடமே இல்லை, இடது பக்கம் ஒரு இரும்பு வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதில் கட்டலாமா, இல்லை தோளில் அணைக்கிற மரக் கட்டையில் ட்ரில் போடலாமா? இரண்டும் வேண்டாம். நான் இப்போது லீவில் நீலகிரியில், உங்கள் அரவேனுவுக்குப் பக்கத்தில் கோத்தகிரியில் இருக்கிறேன், மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, வேறு வேலையும் இல்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த வளையம். அது குதிரைமேல் போகிறவன் சேணத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ள வைத்தது. 1920களின் நடுப்பகுதி வரை 94-ன் குட்டைக் குழல் வகையான கார்பைன்களில் வழக்கமாக வந்தது, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். ஆக உங்கள் கைக்கு வரப்போவதற்கு அநேகமாக நூறு வயசு. அந்த வளையத்தில் வாரைக் கட்டினால் துப்பாக்கி ஒரே இடத்தில் தொங்கும், நடக்க நடக்கச் சுழன்று முட்டியில் இடிக்கும், வளையம் உரசி உரசிப் பக்கத்து இரும்பின் கருநீல மெருகும் போய்விடும்.

ட்ரில் விஷயம். கடையில் வாங்கிய புதுத் துப்பாக்கி என்றால் நானே போடச் சொல்வேன். கட்டையின் அடிமுனையிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே நடுக்கோட்டைக் குறித்து, பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வைத்து, ஸ்குரூவைவிடச் சிறிய ஓட்டை போட்டு, மரையில் சோப்பு தடவித் திருகினால் வேலை முடிந்தது. பழையதில் அப்படிச் செய்யக் கூடாது. 1964-ல் வின்செஸ்டர்காரர்கள் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையையே மாற்றினார்கள், அதனால் அதற்கு முந்தியதைத்தான் சேகரிப்பவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். கம்பெனி போடாத ஒரு ஓட்டை தெரிந்தாலே விலை விழும். நீங்கள் விற்கப் போவதில்லை, சரி. ஆனால் தன் அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்த மனுஷன் மாடியில் இருக்கும்போது கீழே பேஸ்மென்டில் அதை ட்ரில்லால் துளைக்க உங்களுக்கு மனசு வருமா?

ஓட்டை போடாமல் செய்ய வழி இருக்கிறது. பின்பக்கம், கட்டையைச் சுற்றித் தோலில் ஒரு உறை. ஆறு அங்குல நீளம் போதும், ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கோத்து ஷூ லேஸ் மாதிரி இறுக்க வேண்டும், அடியில் ஒரு இரும்பு வளையத்தை வைத்துத் தைத்துவிட்டால் வாரின் ஒரு நுனி அதில் வரும். தோலின் சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும், அதுதான் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பான பக்கத்தை உள்ளே வைத்தால் பனியில் நனைந்ததும் வழுக்கிக்கொண்டு வரும். முடிச்சு உங்கள் கன்னம் படாத பக்கம் இருக்க வேண்டும். உறை போட்டதும் கன்னம் வைக்கிற இடம் ஒரு தோல் தடிமன் உயரும், குறி பார்க்கும்போது கண் மேலே போகும், அதனால் வேட்டைக்கு முன்னால் ரேஞ்சில் சுட்டுப் பார்த்துவிடுங்கள். உறையில் தோட்டா செருக வரிசையாக ஓட்டை வைத்தும் விற்கிறார்கள், பார்க்க அழகுதான், அதை வாங்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

முன்பக்கம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 94-ல் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடுகிறது இல்லையா, அதுதான் மேகசின், தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக அதற்குள் படுத்திருக்கும். (கூர்முனைத் தோட்டாவை அதில் போடவே கூடாது, பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரில் இடித்து உள்ளேயே வெடித்துவிடலாம். தட்டை முனை, இல்லையென்றால் இதற்கென்றே செய்த மெத்தென்ற முனை.) அந்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு துண்டுக் கிளாம்ப் கிடைக்கிறது, அதில் வார் மாட்டுகிற, சுழலும் ஸ்விவல் வளையம் ஒன்று தொங்கும். வாங்கும் முன் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். குழல் வாய்க்குப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்குச் சற்றுப் பின்னால் கிளாம்பை வையுங்கள், முன்னால் நழுவாது. இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் சுடும்போது உதைத்து இடது கை விரலைக் கிழிக்கும். கிளாம்புக்கு உள்ளே மெல்லிய தோல் துண்டு ஒன்று வையுங்கள், கீறாது. பலம் காட்டி இறுக்க வேண்டாம், குழாயின் தகடு மெல்லியது, நசுங்கினால் தோட்டா உள்ளே சிக்கிக்கொள்ளும். மாட்டியதும் மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை நிரப்பி லீவரை ஆட்டி எல்லாம் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பழைய ஸ்குரூவின் காடி மெல்லியது, வீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனை சரிவாக இருப்பதால் காடியை விட்டு எகிறித் தலையைச் சிதைத்துவிடும். துப்பாக்கிக்கென்று விற்கிற, முனை பக்கவாட்டில் நேராக இருக்கிற பிட் வேண்டும். இரும்பே வேண்டாம் என்றால் குழலையும் குழாயையும் சேர்த்து ஒரு தோல் வளையம் போடலாம், அதுவும் நன்றாகவே பிடிக்கும்.

வாரின் அகலம் ஒரு அங்குலம் போதும், துப்பாக்கியே மூன்று கிலோதான். நீளத்தைத்தான் நம் ஆட்கள் தப்பாக எடுக்கிறார்கள். வீட்டுக்குள் பனியனோடு நின்று அளந்தால் நவம்பரில் அந்தக் குண்டு ஜாக்கெட் மேல் ஏறாது. ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு அளங்கள், கையுறையோடு கழற்ற முடிகிற பக்கிள் போடுங்கள். வாரைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக் குறி பார்க்கிற வேலை இந்தத் துப்பாக்கியில் வேண்டாம், குழலும் குழாயும் சேர்ந்து இழுபட்டால் தோட்டா போகிற இடம் மாறும். தூக்கிப் போக மட்டும் வார்.

தோளில் தொங்கும்போது சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராக, தோட்டா இருக்கக் கூடாது. இவ்வளவு பழைய 94-ல் தனியாக சேஃப்டி பட்டனே கிடையாது, தோட்டாவைச் சுட அடிக்கிற ஹேமரைப் பாதியில் நிறுத்துவதுதான் சேஃப்டி, அதைப் பிடித்து நிறுத்துகிற பல் நூறு வருஷத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. கம்பி வேலி தாண்டும்போதும் வண்டியில் ஏறும்போதும் மொத்தமாகக் காலி செய்துவிடுங்கள். வண்டியில் லோடு பண்ணிய துப்பாக்கி அங்கே குற்றம். அன்பளிப்புதானே என்று பெரியவர் சும்மா கையில் கொடுத்துவிடவும் முடியாது. 2022 மே மாதத்திலிருந்து கைமாற்றும் முன் வாங்குகிறவரின் லைசென்ஸைச் சரிபார்த்து அரசாங்கத்திடம் ஒரு எண் வாங்க வேண்டும், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் ஃபாரத்தில் மனைவி கையெழுத்து கேட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? நியாயமான கேள்வி என்று என் வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.

ஊரில் வேட்டைக்குப் போகிறோம் என்று சொன்னால் புரிய வைப்பது கஷ்டம். என் அப்பா அருவங்காடு கார்டைட் பேக்டரியில்தான் வேலை பார்த்தார். 1903-ல் தொடங்கிய பேக்டரி, அங்கே செய்வது புகையில்லா வெடிமருந்து. உங்கள் துப்பாக்கிக்குப் போடுகிற 30-30 ரகத் தோட்டாவும் அதற்குச் சில வருஷம் முன்னால், 1895-ல், புகையில்லா மருந்தோடு வந்ததுதான். வாழ்நாள் முழுக்க மருந்து செய்த மனுஷர் துப்பாக்கி தூக்கியதில்லை, நான் மான் வேட்டைக்குப் போனேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அங்கே சீசன், டேக் என்கிற அனுமதிச் சீட்டு, எத்தனை அடிக்கலாம் என்று கணக்கு எல்லாம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான், அவர் மேல் தப்பில்லை. தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் ஒதுங்கி வழிவிடுகிற ஊர் நம்முடையது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டோ போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

உறையில் தோட்டா செருகும் ஓட்டை வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். வேட்டைக்குக் கொண்டுபோன பையை, உறையை, ஜாக்கெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூலையில் கிடக்கிற ஒரே ஒரு தோட்டாவை நம் ஏர்போர்ட் ஸ்கேனர் பிடித்தால் ஆயுதச் சட்டத்தில் கேஸ், விமானம் போய்விடும், அப்புறம் கோர்ட்டு வக்கீல் என்று லீவு முழுக்க அலைச்சல். வேட்டைச் சாமானுக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை.

தோலை அங்கே வாங்காதீர்கள், விலை அதிகம். இங்கே ஊட்டியில் சவாரிக் குதிரைகளுக்கு வார் தைக்கிற ஒருவரிடம்தான் நான் என்னுடையதைத் தைத்தேன். மரப்பட்டையில் பதனிட்ட தோலாகக் கேளுங்கள், குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், எடை தாங்காமல் நீண்டுவிடும். நம் மலையில் சீகை (வாட்டில்) மரத்தை அவ்வளவு நட்டுவைத்ததற்கு அந்தப் பட்டையும் ஒரு காரணம், இன்றைக்கு சோலையையும் புல்வெளியையும் அது தின்றுகொண்டிருப்பது தனிக் கதை. எந்தத் தோலானாலும் ஈரம் பிடித்து வைக்கும், சீசன் முடிந்ததும் உறையைக் கழற்றித் தனியாக வையுங்கள், இல்லையென்றால் அடியில் கட்டை கறுக்கும், பக்கத்து இரும்பு துருப்பிடிக்கும்.

உங்களுக்கும் ஒன்று தைத்து வாங்கி வருகிறேன். கட்டையைச் சுற்றிப் பழைய பேப்பரை இறுக்கமாகச் சுற்றி, இரண்டு ஓரமும் சேருகிற இடத்தில் வெட்டி, விரித்து, பக்கத்தில் டேப் வைத்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். கட்டை ஒரு பக்கம் குறுகலாக இருக்கும், எந்தப் பக்கம் முன்னால் என்று பேப்பரில் எழுதிவிடுங்கள். இடது கைக்காரரா என்பதையும் சொல்லுங்கள், முடிச்சு வைக்கிற பக்கம் மாறும்.