செங்குத்துத் தொலைத்தொடுகோடு கண்டுபிடிக்க, பகுதியை (பின்னத்தின் கீழே இருப்பதை) சுழியமாக்கினால் போதாதா?

போதாது. செங்குத்துத் தொலைத்தொடுகோடு (vertical asymptote) என்பது, வரைபடம் மேலோ கீழோ முடிவில்லாமல் ஓடிக்கொண்டே நெருங்கும் செங்குத்துக் கோடு. நீங்கள் பிளஸ் டூ மாணவர் என்று நினைத்து எழுதுகிறேன். விகிதமுறு சார்பு (மேலும் கீழும் பல்லுறுப்புக்கோவை உள்ள பின்னம்) என்றால் முதலில் தொகுதி, பகுதி இரண்டையும் காரணிப்படுத்துங்கள். பொதுக் காரணியை அடியுங்கள். அடித்த பிறகும் பகுதியை எந்த மதிப்பு சுழியமாக்குகிறதோ, அங்கேதான் கோடு.

என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பள்ளித் தேர்வில் வந்த கணக்கு இது: மேலே எக்ஸ்² − 4, கீழே எக்ஸ்² − 5எக்ஸ் + 6. மேலே (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2), கீழே (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3) என்று அழகாகப் பிரித்திருந்தாள். எக்ஸ் = 3 மட்டுமே தொலைத்தொடுகோடு, (2, −4) என்ற இடத்தில் வரைபடத்தில் துளை (அந்த ஒரு புள்ளி மட்டும் விடுபட்ட இடம்) என்று முடித்திருந்தாள். முழுக்கச் சரி. ஆனால் விடைக்குறிப்பில் 2, 3 இரண்டுமே இருந்ததாம். பாதி மதிப்பெண் போய்விட்டது.

அவள் அப்பா விடைத்தாளோடு வந்தார். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். எக்ஸ் 1.99 என்றால் சார்பின் மதிப்பு ஏறக்குறைய −3.95, 2.01 என்றால் −4.05. அதே சார்பு 2.99-இல் −499, 3.01-இல் 501. எங்கே கோடு இருக்கிறது என்று கணக்கே தெரியாத அவருக்குப் புரிந்தது. பள்ளியில் போய்க் கேட்டதற்கு, "விடைக்குறிப்புப்படிதான் போடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்காக "அடிபட்டால் துளை" என்றும் மனப்பாடம் செய்யாதீர்கள். மேலே எக்ஸ் − 2, கீழே (எக்ஸ் − 2)² என்றால், ஒன்றை அடித்த பிறகும் கீழே ஒன்று மிச்சம். அங்கே எக்ஸ் = 2 தொலைத்தொடுகோடுதான். கீழே எக்ஸ்² + 1 மட்டும் இருந்தால் அது சுழியமே ஆகாது, கோடும் கிடையாது.

எல்லையை (limit, அதாவது எக்ஸ் ஒரு மதிப்பை நெருங்கும்போது சார்பு நெருங்கும் மதிப்பு) வைத்துத்தானே வரையறுக்க வேண்டும் என்று கணிதம் படித்தவர்கள் கேட்பார்கள். சரிதான். இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒன்றிலாவது சார்பு முடிவிலிக்குப் போக வேண்டும். விகிதமுறு சார்புக்கு நான் சொன்ன வழியும் அதே விடையைத்தான் தரும்.

என் ஆதங்கம் வேறு. எல்லை பிளஸ் ஒன் பாடம். பல பள்ளிகளில் அதைத் தாண்டி நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்; 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வு இருந்தபோதும் எல்லை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குப் பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறேன். போர்ஷன் முடியாது என்று சில பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். நான் தொடங்கும் இடத்தை மாற்றுவதாக இல்லை.