நற்கருணை எடுப்பதால் என்ன பலன்? ஒரு தறிக்காரனின் பதில்

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு சர்ச்சுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறார் போல. "மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் ஆராதனை முடிய வெகுநேரம் ஆகிறது. எல்லோரும் வரிசையாக முன்னால் போய் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது பிரசாதம் மாதிரியா? அதனால் என்ன பலன்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அப்பமும் திராட்சை ரசமும்தான் நற்கருணை.

நான் கோயம்புத்தூர் மாவட்டம் சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்குக் காடாத் துணி நெய்கிறவன். சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. இறையியல் எல்லாம் படித்ததில்லை. ஆனால் சபைக்குத் திராட்சை ரசம் காய்ச்சுகிற வீடு எங்களுடையது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் அம்மா ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு ஆய்ந்து, கல்லுப்புப் போட்ட தண்ணீரில் அலசி, கொட்டையோடு வேகவைப்பார். தோல் வெடித்துச் சாறு நன்றாகக் கறுத்ததும் வெள்ளைத் துணியில் கொட்டித் தொங்கவிடுவார். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். ஆறு வயதில் பாத்திரத்துக்குள் விரலை விட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். அழுதுகொண்டிருந்தவனைப் பார்த்து அம்மா சொன்னது: "இன்னிக்கு இது வெறும் ரசந்தான் கண்ணு. நாளைக்குத்தான் வேற." வெறும் ரசம்தான் என்றால் எதற்கு அடித்தார் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

(புளிக்க வைத்த ஒயின்தானே வழக்கம் என்று சிலர் கேட்பார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் இன்றும் அதுதான். புளிக்காத ரசம் பரவியது 1869க்குப் பிறகு. அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், மது ஆகாது என்பவர், நற்கருணைக்காகவே திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்க வழி கண்டுபிடித்தார். அம்மாவுக்கு அவரைத் தெரியாது.)

சரி, சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் அப்படி என்னதான் நடக்கிறது? இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின ராத்திரி, சீஷர்களோடு யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில் உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்டு "இது என் சரீரம்" என்றார். பாத்திரத்தை எடுத்து, தன் இரத்தத்தினாலாகும் புது உடன்படிக்கை என்றார். தன்னை நினைவுகூர இதைச் செய்யச் சொன்னார். அந்த "இது" என்ற ஒரு சொல்லை வைத்துச் சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கின்றன. கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குப் போகிற என் நண்பனைக் கேட்டால், குருவானவர் வசீகரம் (அப்பத்தை அர்ச்சிக்கும் வார்த்தைகள்) சொன்ன பிறகு அது அப்பமே இல்லை, கிறிஸ்துதான் என்பான். மீதி இருப்பதைப் பேழையில் வைத்து, பக்கத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மார்ட்டின் லூதர் வழி வந்த லுத்தரன்காரர்கள், அப்பம் அப்பமாகவே இருக்கும், ஆனால் அதோடு கூட அவருடைய சரீரமும் மெய்யாகவே இருக்கிறது என்பார்கள். அடையாளம்தான், நினைவுகூருதல்தான் என்பவர்களும் உண்டு. எங்கள் சபை 1947இல் பல சபைகள் ஒன்றுசேர்ந்து உண்டானது. அதனால் ஒரே பெஞ்சில் மூன்று கருத்து உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் நோண்டிக் கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்த விஷயம்.

பிரசாதமா என்றால், இல்லை. பிரசாதம் கை நீட்டுகிறவருக்கெல்லாம் கிடைக்கும். இதற்கு எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தானே சபை முன் உறுதிசெய்யும் சடங்கு) எடுத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே, தன்னைத்தானே சோதித்து அறிந்த பிறகே சாப்பிட வேண்டும் என்று அப்போஸ்தலன் பவுல் பைபிளில் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதியிருக்கிறார். சின்ன வயதில் இதைச் சொல்லியே எங்களை மிரட்டுவார்கள். சினிமா பார்த்தாயா, பீடி குடித்தாயா, அப்படியானால் எடுக்காதே என்று. பெரியவனான பிறகு அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். அதில் சினிமாவும் இல்லை, பீடியும் இல்லை. சாப்பாட்டுப் பிரச்சினைதான் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் முந்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவன் பட்டினி கிடக்கிறான். இது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார் பவுல். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார்.

பந்தி என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு கனமானது என்று உங்களுக்குத் தெரியும். யார் முதல் பந்தி, யாருக்குத் தனிப் பந்தி என்பதில்தானே எல்லாம் இருந்தது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்ததை என் அப்பா பார்த்திருக்கிறார். சர்ச்சும் சுத்தமில்லை. பழைய தமிழ்ச் சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், ஒரு சாதி குடித்த பிறகே அடுத்த சாதிக்குப் பாத்திரம் போனது. சாதி வித்தியாசத்தை உடனே விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதியபோது பலர் சபையை விட்டே போனார்கள்.

இனி என் கதை. சில வருடம் முன்பு நெய்த ஒரு பீஸ் துணியில் நிறைய சேதம். பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) கொடுத்த இடத்தில் எனக்குப் பணம் பிடித்தார்கள். நான் என்னிடம் வேலைக்குத் தறி ஓட்டுகிற அண்ணனிடம் பிடித்தேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் 450 ரூபாய். பாவு நூலிலேயே கோளாறு, அவர் கையில் தப்பில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அவரும் எங்கள் சபைதான்.

அடுத்த நாள் முதல் ஞாயிறு. முன்னால் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் முழங்கால் போட்டால், இடது பக்கம் அவர். போதகர் அவர் வாயில் கிண்ணத்தை வைத்து எடுத்தார். வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கால் சுற்றுத் திருப்பி என்னிடம் நீட்டினார். துடைத்த இடம் இன்னும் மினுமினுவென்று ஈரமாக இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நன்றாகவே இறங்கியது. அம்மா அந்தத் தடவை சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் தொந்தரவு. மதியம் கறிச்சோறும் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. திங்கட்கிழமை தறி ஓட்டும் முன்னே 450 ரூபாயை நீட்டினேன். அவர் நிதானமாக எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, "வட்டி எங்கீங்க தம்பி?" என்றார்.

நீங்கள் கேட்ட பலன், என் அனுபவத்தில், இந்தத் தொந்தரவுதான். பாவ மன்னிப்பின் நிச்சயம், கிறிஸ்துவோடு ஐக்கியம், அவர் வரும்வரை அவர் மரணத்தை அறிவிப்பது என்று போதகர் அடுக்குவார். எல்லாம் உண்மை, நான் நம்புகிறேன். ஆனால் அவையெல்லாம் எனக்கு வந்து சேர்ந்த வழி அந்த ஈர விளிம்புதான்.

இப்போது சிலர் வீட்டிலேயே தினமும் நற்கருணை எடுங்கள், சர்க்கரை வியாதி போகும், கடன் தீரும் என்று பிரசங்கம் செய்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டு அந்தியோக்கியா ஆயர் இக்னேஷியஸ் இதை அழியாமையின் மருந்து என்று எழுதியவர்தான். ஆனால் அவர் அதே வரியில் எல்லோரும் கூடி ஒரே அப்பத்தைப் பிடுவதைப் பற்றிப் பேசுகிறார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டால் பக்கத்தில் முழங்கால் போட யார் இருக்கிறார்கள்?

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சர்ச்சில் பொதுக் கிண்ணம் திரும்பவில்லை. ஆளுக்கொரு குட்டிப் பிளாஸ்டிக் குவளை. சுகாதாரம்தான், குறை சொல்ல முடியாது. முதல் தடவை அதைக் கையில் வாங்கியதும் தறிக்கார அண்ணன் என் காதோரம் குனிந்து, "ஆளுக்கொரு கட்டிங் ஆயிப்போச்சுங்க தம்பி" என்றார். கிராதியில் முழங்கால் போட்டபடியே சிரித்துவிட்டேன், போதகர் முறைத்தார்.