வம்சாவளிப் பூனைகளை வளர்த்துப் புதிய நிறம் ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

உங்கள் வீட்டில் ஏற்கெனவே நல்லதொரு பெட்டைப் பூனை இருக்கிறது என்றும், அதற்கேற்ற கடுவனையும் மனத்தில் குறித்துவைத்துவிட்டீர்கள் என்றும் ஊகிக்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் அந்த நிலையில்தான் இருந்தேன். யாராவது அன்று என்னிடம் இரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நிறத்தை எந்த வளர்ப்பாளரும் உருவாக்குவதில்லை. பின்லாந்தில் 2007-இல், மயிரின் அடி கறுத்தும் நுனி வெளுத்தும், உப்பைத் தூவியது போன்ற மேனியுடன் சில சாதாரணப் பூனைகள் கண்ணில் பட்டன. மயிரின் வெண்மையோடு தொடர்புள்ள 'கிட்' மரபணுவுக்கு அருகே மரபிழையில் ஒரு துண்டு விடுபட்டுப் போனதுதான் காரணம் என்று 2024-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த நிறத்தை எவரும் திட்டமிடவில்லை. அது தானாக நேர்ந்தது. நம்மால் முடிவதெல்லாம் ஓரினத்தில் இருக்கும் நிறத்தை இன்னோரினத்துக்குக் கொண்டுபோவதுதான். 1930-களில் மரபியலாளர் கிளைடு கீலரும் பூனை வளர்ப்பாளர் வர்ஜீனியா காபும் சியாமீஸ் பூனையின் முகக்கருமையைப் பாரசீகப் பூனையின் நீள்மயிரோடு சேர்த்ததும் அந்த வகைதான்.

நான் ஆசைப்பட்டது பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனத்தில் 'ஃபான்' எனப்படும் வெளிர் மான்நிறம். (இதை உலகில் முதலில் செய்தவன் நான் என்று சொல்லவில்லை. எனக்கு முன்பே செய்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வளர்ப்பாளர்களில் அப்போது யாரிடமும் அது இல்லை, அவ்வளவே.) பூனைக்காரர்கள் 'நீலம்' என்று சொல்லும் சாம்பல் நிறப் பெட்டை என்னிடம் இருந்தது, இலவங்கப்பட்டை நிற மரபணுவுக்காக அபிசீனியன் இனக் கடுவன் ஒன்றை ஏற்பாடு செய்தேன். ஃபான் கிடைக்கப் பட்டை நிறம், அதை வெளிறச் செய்யும் பண்பு, மயிரில் வரிகளில்லாத ஒரே நிறம் ஆகிய மூன்றும் ஒரே குட்டியில் கூட வேண்டும். மூன்றுமே ஒடுங்கு பண்புகள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தாலொழிய வெளியே தெரியாது. எனவே முதல் தலைமுறையில் ஒன்றுகூடத் தலைகாட்டாது. அந்தத் தலைமுறையில் இரண்டை இணைசேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, மூன்றும் சேர 64-இல் ஒன்று. தாளில் 64 கட்டங்கள் வரைந்து, ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தத் தாளைப் பற்றி எனக்குப் பெருமை வேறு.

நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் அன்றிரவு முழுவதும் முட்டிமுட்டிப் பால் குடித்ததைக் கண்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை ஒரு குட்டி காம்பை விட்டு விலகிக் கிடந்தது. ஈரப் பஞ்சால் அதன் அடிவயிற்றை நீவிச் சிறுநீர் கழிக்க வைத்தபோது, பஞ்சில் படிந்தது செம்பழுப்புக் கறை. அன்று மாலைக்குள் அது இறந்தது. அடுத்த நாள் இரண்டு. பூனைகளுக்கு ஏ, பி, அரிதாக ஏபி என இரத்த வகைகள் உண்டு என்பதும், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரில் பி வகை கணிசம் என்பதும், பி வகைத் தாயின் சீம்பாலில் ஏ வகை இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் இருக்கும் என்பதும் அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் பெட்டை பி வகை, கடுவன் ஏ வகை; குட்டிகள் இரத்த வகையில் தகப்பனைக் கொண்டிருந்தன. அவை ஆசையாகக் குடித்த பாலே அவற்றின் இரத்தத்தை அழித்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால், முதல் ஒரு நாள் மட்டும் தாயிடமிருந்து பிரித்து வேறு பால் புகட்டிவிட்டு மறுபடி சேர்த்திருப்பேன். மரபணுவைக் கட்டம் கட்டமாக ஆராய்ந்தவனுக்கு இந்த எளிய சோதனை தோன்றவில்லை.

எஞ்சிய ஒரு பெட்டைக்குட்டிக்கு வால்நுனி கறுத்துக் காய்ந்து, இரண்டாம் வாரத்தில் உதிர்ந்தது. மூன்று ஒடுங்கு பண்புகளையும் சுமந்த அந்த மொட்டை வால்காரிதான் என் பூனைகள் அத்தனைக்கும் மூதாய்.

ஆதரவற்ற பூனைகள் இத்தனை இருக்க இந்த வேலை தேவையா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: கேள்வி நியாயமானது, முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல முடியும். ஈற்றுக்கு நான்கு குட்டி என்றால், அந்த ஒரு கட்டத்துக்குச் சராசரியாகப் பதினாறு ஈற்று ஆகும். வண்ணம் தீட்டாத 63 கட்டங்களும் உயிருள்ள குட்டிகள். அவற்றைச் சேர்ப்பதற்கு வீடு கண்டுபிடிக்காமல் அடுத்த இணைசேர்க்கையை நான் செய்ததில்லை. ஏழு ஆண்டுகள் இழுத்ததற்கு அதுவே காரணம். கலப்பில் பிறந்தவற்றுக்கு முழுப் பதிவுச் சான்றிதழும் எளிதில் கிடைக்காது. சில பூனைச் சங்கங்கள் சோதனைப் பதிவேட்டில் சேர்க்கும், சில அனுமதிப்பதே இல்லை. இணைசேர்க்கும் முன் உங்கள் சங்கத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாதாரண நீலக் குட்டி ஒன்றின் படத்தை எவரோ எடுத்து, மென்பொருளில் வெதுவெதுப்பான சாயம் ஏற்றி, 'அரிய ஃபான்' என்று விளம்பரம் செய்திருந்தார். நான் ஆட்சேபித்ததற்கு, என் குட்டிதான் போலி என்று எனக்கே பதில் வந்தது. படத்தை நம்பி விலை கொடுக்கிறவர்கள் மரபணுச் சோதனைத் தாளைக் கேட்க ஏன் கூச்சப்படுகிறார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் முதல் உண்மையான ஃபான், மொட்டை வால்காரியின் பேத்திக்கு ஏழாம் ஆண்டில் பிறந்தான். ஈரமாக இருந்தவரை எலி நிறந்தான். தாய் நக்கிக் காயவைத்த பிறகுதான் நிறம் தெரிந்தது. ஆனால் மூன்றாம் மாதத்தில் அவனுடைய கீழ்த்தாடை மேல்தாடையோடு பொருந்தாமல் முன்னால் நீண்டிருப்பதைக் கண்டேன். கருத்தடை செய்து, செல்லமாக வைத்திருக்க மட்டும் என்று ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, அவனுடைய பட்டை நிறத் தங்கையை வைத்து மறுபடி ஆரம்பித்தேன்.