குளத்துக்குள் முங்கினால் கரையில் கூப்பிடுவது ஏன் கேட்பதில்லை?

கேள்வி: லீவுக்கு வந்த என் பேரன் எங்கள் ஊர்க் குளத்தில் முங்கிக் கிடக்கும்போது, கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்பதில்லை. ஆனால் கூட்டாளி தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டினால் காதுக்குள்ளேயே தட்டுவது போல் இருக்கிறதாம். காற்றைவிடத் தண்ணீரில் ஒலி வேகமாகப் போகும் என்றுதானே படித்தோம்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: படித்தது சரிதான் அம்மா. காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர், குளத்துத் தண்ணீரில் சுமார் 1,480. ஆனால் உங்கள் குரல் முதலில் உள்ளே நுழைய வேண்டுமே! நேர் மேலே நின்று கத்தினாலே, தண்ணீரில் படும் ஒலியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், கரையிலிருந்து சாய்வாக வரும் குரல் கிட்டத்தட்ட முழுவதும் பட்ட இடத்திலேயே எகிறி மேலே போய்விடும். கல் சத்தம் தண்ணீருக்குள்ளேயே பிறப்பது. நம் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அது தடையில்லாமல் மண்டை எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடுகிறது. அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பேரனிடம் கேட்டுப் பாருங்கள், திணறுவான். இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திசை பிடிக்கிறோம், தண்ணீரில் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும்.

இன்னொன்று. "அடர்த்தி கூடினால் ஒலியின் வேகமும் கூடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது தவறு, தயவுசெய்து திருத்துங்கள். கனம் ஒலியைத் தாமதப்படுத்தத்தான் செய்யும். வேகம் தருவது விறைப்பு, அதாவது அமுக்கினால் அந்தப் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது. தண்ணீர் காற்றைவிட சுமார் 830 மடங்கு கனம், ஆனால் அதை அமுக்குவது சுமார் 15,500 மடங்கு கடினம். 15,500-ஐ 830-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.3 வரும், 343-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், குளத்துக் கணக்கு கைக்கு வந்துவிடும். ஈயம் இரும்பைவிடக் கனம், ஆனால் இரும்பில் போகிற வேகத்தில் பாதிகூட ஈயத்தில் கிடையாது. சுசீந்திரம் கோவில் இசைத்தூண்கள் தட்டினால் பாடுவதும் இந்த விறைப்பால்தான், தட்டில் துளி வளைந்த கல் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பித் திரும்பி அதிர்கிறது.

கேள்வி: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. கடல் ஏறி வந்ததோ பல மணி நேரம் கழித்து. நடுக்கம் ஒன்றுதானே, அலை மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: அன்று கிளம்பியது ஒரு வகை அலை அல்ல. பூமிக்குள் பாறையை அமுக்கி அமுக்கி ஓடும் முதன்மை அலை, சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் குமரி மாவட்டத்தை நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். அதன் பின்னால் பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு வரும் இரண்டாம் நிலை அலை, திரவத்துக்குள் போகவே போகாது, ஏனென்றால் பக்கவாட்டில் தள்ளினால் தண்ணீர் எதிர்க்காது, வழுக்கிவிடும். (பூமியின் நடுக்கருவைச் சுற்றியிருக்கும் வெளிக்கருவம் திரவம் என்று தெரிய வந்ததே இந்த அலை அதைத் தாண்டாததால்தான்.)

சுனாமி இந்த இரண்டும் இல்லை. கடல் மட்டம் மொத்தமாக உயர்ந்து புவியீர்ப்பால் இறங்கி ஏறுவது அது, வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர், கரையோரம் 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36. முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது அதன் மேல் ஏற, உயரம் கூடிவிடுகிறது. நம் கடலோர ஊர்களான கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அன்று கண்டது அதைத்தான்.

அந்த நாலைந்து நிமிடத்துக்கும் கடல் வந்த நேரத்துக்கும் நடுவே எத்தனை பேரை மேட்டுக்கு ஏற்றியிருக்கலாம்! அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறது: வேகமாக ஓடிவரும் நில அலையைப் பிடித்து, மெதுவாக வரும் கடல் அலைக்கு முன்னால் கரைக்குச் சொல்லிவிடுகிறார்கள்.