வீட்டுக் காசு எந்தக் கணக்கில் ஏறுகிறது?

சுகாதாரத் துறையின் கணக்குப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். நாட்டின் மருத்துவச் செலவை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், அதை வைத்து எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தங்கச்சிமடம், மீனவர்: அண்ணே, அப்பாவை மதுரையில் பத்து நாள் வைத்துப் பார்த்தோம். அந்தச் செலவு நாட்டுக் கணக்கில் வருமா?

கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது தம்பி. மருந்து, ஸ்கேன், படுக்கை வாடகை எல்லாம் ‘குடும்பம் கையிலிருந்து கொடுத்த செலவு’ என்ற தலைப்பில் சேரும். நீங்கள் தங்கிய லாட்ஜ், சாப்பாடு, கடலுக்குப் போகாததால் போன பத்து நாள் மீன்பிடிப் பங்கு, இதெல்லாம் சேராது. 2011இல் வகுத்த உலகப் பொது முறை, மருத்துவத்துக்கென்று கொடுத்த காசைத்தான் எண்ணும். நாடுகளை ஒப்பிட அது சரி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் வரும் நோய் ஒரு குடும்பத்தை எந்த அளவு கடனில் தள்ளும் என்பது இந்தக் கணக்கில் தெரியாது. திட்டம் போடுபவர்கள் அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கீழக்கரை, மாணவி: சார், வாப்பாவின் டயாலிசிஸுக்குக் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து பணம் அனுப்புகிறார். அது வெளிநாட்டு நிதியா?

இல்லைம்மா. வீட்டுக்கு வந்துவிட்டால் அது வீட்டுப் பணம்தான்.

ராமநாதபுரம், ஆசிரியர்: மக்களின் கைச்செலவு பெரிய அளவில் குறைந்துவிட்டது என்கிறார்களே, நம்பலாமா?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 100க்கு 64 ரூபாய் மக்கள் கையிலிருந்து போனது. 2021-22இல் அது 39. அரசின் பங்கு 29லிருந்து 48 ஆனது. கொரோனா காலத்தில் அரசு கூடுதலாகச் செலவழித்தது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரசுச் செலவு ஒவ்வொரு வருஷமும் கஜானா கணக்கிலிருந்து வருகிறது. குடும்பச் செலவுக்கோ 2017-18இல் சுமார் 1,13,800 வீடுகளில் எடுத்த கணக்கெடுப்புதான் அடிப்படை. அதையே பிந்தைய வருஷங்களுக்கும் நீட்டி மதிப்பிட்டார்கள். கொரோனா இரண்டாம் அலையில் நகையை அடகு வைத்து ஆக்சிஜனுக்கு அலைந்த வீடுகளை அந்தக் கணக்கெடுப்பு பார்த்திருக்கவே முடியாது. அதனால் குறைந்தது என்பதை ஏற்கிறேன், 39 என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பேன்.

தொண்டி, கடைக்காரர்: முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பணம் இரண்டு முறை கணக்காகிவிடாதா?

ஆகாது. கொடுத்தவர் யார் என்று பார்த்து ஒரே ஒரு முறைதான் எழுதுவார்கள். அட்டைக்கு மேல் நீங்கள் போட்டது மட்டும் உங்கள் செலவு.

திருப்புல்லாணி, ஊராட்சி உறுப்பினர்: பட்ஜெட்டில் அறிவித்த தொகையை நம்பித் திட்டம் போடலாமா ஐயா?

அறிவிப்பு மட்டும் போதாது. முதலில் மதிப்பீடு, அப்புறம் திருத்திய மதிப்பீடு, கடைசியில் உண்மைச் செலவு என்று மூன்று எண் இருக்கும். மூன்றாவதைப் பாருங்கள். 2025க்குள் அரசின் மருத்துவச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22இல் தொட்டது 1.84. அந்த வருஷக் கணக்கே 2024 செப்டம்பரில்தான் வெளிவந்தது. இவ்வளவு தாமதமாக வருவதை வைத்து அடுத்த வருஷத்துக்குத் திட்டமிடுவது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது.

பாம்பன் சின்னப்பாலம், கடல்பாசி எடுக்கும் பெண்: கணக்கெடுக்க வந்த பொண்ணு மருத்துவச் செலவு கேட்டுச்சு. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். தப்பா?

தப்பில்லை தாயி, ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாறை கிழித்துவிடாமல் விரலில் துணி சுற்றித்தானே பாசி எடுக்கிறீர்கள்? அதையும் மீறிக் கிழித்தால் மெடிக்கலில் களிம்பு வாங்குகிறீர்கள். முட்டி வலிக்கு இரண்டு மாத்திரை வெட்டித் தரச் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுக்கிறீர்கள், பில் கிடையாது. அதெல்லாம் செலவுதான். உங்கள் ஒரு வீட்டுக் கணக்கு ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசுகிறது. ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்த்த வைத்தியத்துக்குக் கடைசி 15 நாள் செலவைத்தான் கேட்பார்கள், படுத்திருந்தால் ஒரு வருஷத்துச் செலவு. களிம்போ மாத்திரையோ வாங்கிய அன்றைக்கே காலண்டர் தாளில் தொகையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.