ஒரு பாக்கெட், மூன்று வாய்

கேள்வி: என் கடைசி மகனுக்கு ஒன்றரை வயது. புஜத்தில் டேப் சுற்றி அளந்து பார்த்துவிட்டு சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கடலைப் பசை பாக்கெட் கொடுக்கச் சொன்னார்கள். நான்கு வாரமாகியும் எடை ஏறவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், இங்கேயே பக்கத்தில் ஒரு இடத்தில் செய்கிறார்களாம். இதில் உண்மையிலேயே சத்து இருக்குமா? கடன் வாங்கியாவது வெளிநாட்டு டின் வாங்கிக் கொடுக்கலாமா? பையன் ஆசையாகத்தான் சாப்பிடுகிறான். பாக்கெட்டைப் பிரித்தால் பெரியவர்கள் இரண்டு பேரும் (6 வயது, 4 வயது) பக்கத்தில் வந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள், என் மனைவிக்கு மனசு கேட்காது, ஆளுக்குக் கொஞ்சம் பிதுக்கிக் கொடுத்துவிடுவாள். நர்ஸ் கேட்டால் முழுசும் சாப்பிடுகிறான் என்றுதான் சொல்கிறோம்.

— ஒரு தகப்பன்

பதில்: தம்பி, உங்கள் கவலையில் முக்கால்வாசி கம்பெனி எந்த ஊர் என்பதிலேயே போயிருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இந்தப் பசையை 1996-இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாண்ட் என்ற மருத்துவரும் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கினார்கள். அதுவரை ஆஸ்பத்திரியில் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த மருத்துவப் பாலில், பால் பவுடரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வேர்க்கடலை விழுதைச் சேர்த்தார்கள். கூடவே சர்க்கரை, எண்ணெய், வைட்டமினும் தாது உப்புகளும். தண்ணீரே இல்லாததால் கிருமி வளராது, அடுப்பு வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், அதனால்தான் பிள்ளையை வார்டில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே தேற்ற முடிகிறது. மலாவியிலும் நைஜரிலும் எத்தியோப்பியாவிலும் உள்ளூர்த் தொழிற்சாலைகளே இதைச் செய்கின்றன, அதைச் சாப்பிட்டுப் பிள்ளைகள் தேறுகிறார்கள். உள்ளூர்த் தயாரிப்பில் கவனிக்க வேண்டியது கடலையில் பூஞ்சை பிடித்தால் வருகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. அதைச் சோதித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும், நல்ல தொழிற்சாலைகள் அனுப்புகின்றன. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள். டின் பவுடர் இந்த நோய்க்கு மருந்தே ஆகாது, அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருவோம். ‘பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.’

ஏன் நிற்கிறார்கள் என்று யோசித்தீர்களா? வயிறு நிறைந்த பிள்ளை தம்பியின் பாக்கெட்டை ஒரு தடவை எட்டிப் பார்க்கும், அப்புறம் விளையாடப் போய்விடும். தினமும் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டதும் வந்து நிற்கிற பிள்ளைக்குப் பசி. இதை உங்கள் மனைவி கண்டுபிடித்துவிட்டாள், நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு மனசு கேட்காது என்று ஏதோ அவளுடைய பலவீனம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று பிள்ளைகள் எதிரே நிற்க, அவள் கையில் பங்குபோட ஒரே ஒரு பாக்கெட்தான் இருக்கிறது. வேறு என்ன செய்வாள்?

ஆனாலும் அவள் செய்வது தப்புதான். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. உங்கள் மகனின் எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் ஒரு நாளைக்கு இரண்டு என்று கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி அக்காவுக்கும் அண்ணனுக்கும் போனால் இவனுக்கு மிஞ்சுவது 500 கலோரி, அது அவனை அப்படியே வைத்திருக்கலாம், சதை போட எங்கிருந்து வரும்? பெரியவர்களுக்கும் அந்த ஒரு வாயில் பசி ஆறப்போவதில்லை. டைபாய்டு வந்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்று பேருக்கும் பிட்டுக் கொடுப்பீர்களா? இதுவும் அப்படித்தான், தித்திப்பாக இருப்பதால் தின்பண்டம் என்று நினைத்துவிட்டீர்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது நர்ஸிடம் சொன்ன பொய்யில். முழுசும் சாப்பிடுகிறான், எடை மட்டும் ஏறவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? உள்ளே காசநோயோ வேறு தொற்றோ இருக்கிறதா என்று தேடுவார். இல்லாத நோய்க்குப் பிள்ளையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். நீங்களோ பழியைத் தூக்கி அந்தக் கடலை அரைத்தவர்கள் மேல் போட்டுவிட்டீர்கள்.

இனிமேல் பாக்கெட் அவனுக்கு மட்டும். தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் முதலில் பால், பிறகு பசை. கஞ்சியில் கலக்க வேண்டாம், பாக்கெட்டிலிருந்து நேராகக் கொடுங்கள். கூடவே குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள், பசை கெட்டி என்பதால் தாகம் எடுக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிடட்டும். மீதியை மடித்து வைத்து அவனுக்கே கொடுங்கள். சாப்பிடவே மறுத்தாலும், காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்தாலும், இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றாலும், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெரியவர்களுக்கு அதே நேரத்தில் அவர்களுடைய தட்டு முன்னால் இருக்க வேண்டும். பசை வேண்டாம், வயிறு நிறைகிற சாப்பாடு. வெளிநாட்டு டின்னுக்குக் கடன் வாங்கத் தயாராக இருந்தீர்களே, அந்தத் துணிச்சலை இதில் காட்டுங்கள். பெற்றவன் என்றால் மூன்று தட்டும் நிறைந்த பிறகுதான் தன் தட்டைப் பார்க்க வேண்டும். இதை இந்தக் காலத்தில் சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்பார்கள், சொல்லட்டும்.

அடுத்த முறை போகும்போது மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டேப் அளவு ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஆகவே நாலு வயதுப் பிள்ளையின் கையையும் அதே டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள். ஆறு வயதுக்காரரை எடையும் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களில் யாருக்காவது குறை இருந்தால் அவர்களுக்கு வேண்டியதைத் தனியாகக் கொடுப்பார்கள், தம்பியுடையதில் கை வைக்க வேண்டியிருக்காது. இத்தனை வாரமும் பாக்கெட்டைப் பங்குபோட்டோம் என்பதை நர்ஸிடம் நீங்களே சொல்லுங்கள். மனைவியைச் சொல்லவைத்துவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.